தொழில் தலைமையில் இருக்கும் கிறிஸ்தவப் பெண்கள் ஐக்கியம், நாகர்கோவில்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அக்காவுக்கும் அங்கத்தினர் எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கூடிய தேதிகளும் வந்தவர்கள் பெயரும் மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கின்றன, அதைத் திரும்ப வாசித்து உங்களைத் தூங்க வைக்க மாட்டேன். இந்த வருஷம் பேசியதில் எது உருப்படியாக உதவியது என்பதை மட்டும் சொல்கிறேன்.

அதிக நேரம் ஓடியது ஆயுத பூஜைப் பேச்சில்தான். மார்த்தாண்டம் பக்கம் முந்திரி ஆலை நடத்தும் அக்கா கேட்டார்: வேலைக்கு வரும் பெண்களில் பலர் இந்துக்கள், மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு முதலாளியம்மா வந்து நிற்க வேண்டும் என்று ஆசையாகக் கூப்பிடுகிறார்கள், போகாவிட்டால் அவர்கள் மனம் நோகும், போனால் சபையில் பேச்சு வரும், நான் என்ன செய்ய? விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்று பவுல் பேசும் 1 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தைப் போகலாம் என்றவர்களும் கூடாது என்றவர்களும் எடுத்தார்கள். பூஜையை மேஸ்திரி நடத்துவார், முடிந்ததும் நான் போய் எல்லோருக்கும் பொரியும் இனாமும் என் கையால் கொடுப்பேன் என்றார் ரப்பர் கம்பெனி வைத்திருப்பவர். ஆண் முதலாளி ஒதுங்கி நின்றால் கொள்கைக்காரர், நாம் நின்றால் தலைக்கனம் பிடித்தவள் என்று ஒருவர் சொன்னதும் எல்லோரும் சிரித்துவிட்டோம். தீர்மானம் போடவில்லை, அதுவும் நல்லதே.

அப்புறம் இயக்குநர் பதவி. 2013 கம்பெனிச் சட்டப்படி பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனிகளின் போர்டில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். சந்தை மதிப்பில் முதல் 1000 கம்பெனிகளில் அவர் சுயேச்சை இயக்குநராகவும், அதாவது முதலாளி குடும்பத்தைச் சாராதவராகவும், இருக்க வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2020 ஏப்ரலில் இருந்து நடைமுறைப்படுத்தியது. அதே 2013இல்தான் தென்னிந்தியத் திருச்சபையும் ஆந்திராவின் நந்தியால் திருமண்டலத்துக்குப் புஷ்பலலிதா அம்மையாரைத் தன் முதல் பெண் பேராயராக அபிஷேகம் செய்தது. இவ்வளவுக்குப் பிறகும் நம்மில் பலருடைய சபையில் நிதிக் கமிட்டி என்றால் ஆண்கள், சபை விருந்தான அசனத்துக்குக் காய் நறுக்க என்றால் நாம். ஆபீஸில் கோடிக்கணக்கில் கையெழுத்துப் போடுகிறவரிடம் காணிக்கைக் கணக்கைக் காட்ட ஏன் இந்தத் தயக்கம் என்று எனக்குப் புரியவே இல்லை.

குடும்பக் கம்பெனியில் பெயருக்கு இயக்குநராக இருப்பவர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஆடிட்டர் தங்கை ஒருவர் வந்து பேசினார்: “அவர் நீட்டினார், நான் போட்டேன்” என்பது நாளைக்கு நோட்டீஸ் வந்தால் காப்பாற்றாது, கணக்கைப் படிக்காமல் கையெழுத்து வேண்டாம், உடன்பாடு இல்லையென்றால் அதை மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள். வருஷத்திலேயே பிரயோஜனமான கூட்டம் இதுதான் என்பேன்.

கடன் கேட்டுப் போனால் பேங்க் ஈடு கேட்கிறது, பத்திரமோ அண்ணன் பெயரில். பழைய திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தில் மகளுக்குக் கிடைத்தது மகன் பங்கில் கால்வாசி அல்லது 5000 ரூபாய், இதில் எது குறைவோ அது. மேரி ராய் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது, 1925 இந்திய வாரிசுச் சட்டமே பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் கல்யாணத்தில் நகை போட்டாயிற்றே என்று சொத்தில் பங்கு வேண்டாம் என்ற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வீடுகள் இன்றும் உண்டு, அதுவும் ஜெபித்துவிட்டு வாங்குகிறார்கள்.

உற்சாகம் பற்றியும் சொல்ல வேண்டும். பெண்கள் ஞாயிறு வந்தால் இரத்தாம்பரம் என்ற விலையுயர்ந்த சாயத் துணி விற்ற லீதியாள் பிரசங்கத்தில் வருவாள், பவுலுக்கு வீடு கொடுத்ததோடு அவள் கதை முடிந்துவிடும், அவள் வியாபாரத்தை யாரும் தொடுவதில்லை. நம் ஊரிலேயே 1819இல் வந்த மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்து, அந்த வருமானத்தில் அடிமைப் பெண்கள் தங்களை மீட்டுக்கொள்ள வழி செய்தார். ஊழியமும் வியாபாரமும் அவருக்கு இரண்டாக இருக்கவில்லை.

ஆட்களைக் குறைக்க வேண்டிய நிலைக்கு வந்த நம் சகோதரி ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் வசனங்கள் குவிந்தன, சரி, அதுவும் வேண்டும். ஆனால் இரண்டு பேர் நேரில் போய்க் கணக்குப் புத்தகத்தை விரித்து, யாரையும் அனுப்பாமல் எத்தனை மாதம் தாக்குப் பிடிக்கலாம் என்று அவரோடு உட்கார்ந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் தூக்கம் வந்தது என்றார்.

வரும் ஆண்டுக்கு இரண்டு வேண்டுகோள்கள். கூட்டத்தை ஞாயிறு மாலையிலிருந்து சனிக்கு மாற்ற வேண்டும், ஞாயிறாவது வீட்டார் நம் முகத்தைப் பார்க்கட்டும். சபைகளை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டித் தேர்தலில் நம்மில் நிற்க விரும்புகிறவர்கள் இன்றே பெயர் தர வேண்டும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்