அரைகுறைச் சட்டமும் நம் பழைய சண்டையும்

மெல்பர்ன்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. கயலுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவின் முழங்கால் வலி பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே?

சரி, நம் சண்டைக்கு வருகிறேன். 2009-இல் ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த கெவின் ரட் கொண்டுவந்த கார்பன் மசோதாவை (ஆலைகள் விடும் கரிப்புகைக்கு வரம்பு வைக்கும் சட்டம்) பசுமைக் கட்சி எதிர்த்தது பெரிய தப்பு, ஒன்றுமில்லாததற்கு அதாவது இருந்திருக்கும் என்கிறாய். ரட்டின் தொழிற்கட்சிக்காரர்கள் இன்றுவரை அதைத்தான் சொல்லிக்காட்டுகிறார்கள். செனட்டில் ஆதரவு 33, எதிர்ப்பு 41. பசுமைக் கட்சியின் 5 பேரும் மாற்றிப் போட்டிருந்தால் நிறைவேறியிருக்கும். கணக்கு சரிதான்.

ஆனால் உள்ளே என்ன இருந்தது? 2000-ஆம் ஆண்டு அளவிலிருந்து 2020-க்குள் வெறும் 5 சதவீதம் குறைப்பு. உலகம் ஒத்துக்கொண்டால்தான் அதற்கு மேல். விவசாயம் மொத்தமாக வெளியே. நிலக்கரி மின்நிலையங்களுக்கான இழப்பீடு எதிர்க்கட்சியோடு நடந்த கடைசி நேரப் பேரத்தில் 730 கோடி டாலராக வீங்கியது. (அப்படிப் பேரம் பேசி ஒத்துக்கொண்ட எதிர்க்கட்சித் தலைவர் டர்ன்புல்லை அவர் கட்சியே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் தலைமையிலிருந்து இறக்கிவிட்டது தனிக்கதை.)

எனக்கு உறுத்தியது வேறு. நாடு விடலாம் என்ற மொத்தப் புகையின் அளவை முன்கூட்டியே நிர்ணயித்துவிட்டு அதற்குத் தக்க அனுமதிச் சீட்டு கொடுக்கிறார்கள். நான் கூரையில் சோலார் போட்டு மிச்சம் பிடித்தால், அந்தச் சீட்டு வேறொரு ஆலைக்குப் போகும். அந்த அளவையே குறைக்காதவரை நாட்டின் கணக்கில் ஒரு கிலோகூடக் குறையாது. பிறகு இறுக்கலாமே என்றால், சீட்டு வைத்திருப்பவன் நஷ்டஈடு கேட்கலாம். பலவீனமான சட்டம் என்பதைவிட, பலவீனத்தையே பூட்டிவைக்கும் சட்டம் என்பதுதான் என் கோபம்.

2011-இல் ரட்டுக்குப் பின் பிரதமரான கிலார்டின் அரசு பசுமைக் கட்சியோடு சேர்ந்து செய்த சட்டத்திலும் ஆலைகளுக்கு இலவசச் சீட்டு தாராளம்தான், மறைக்கவில்லை. ஆனால் இலக்கை இறுக்கப் பரிந்துரைக்கத் தனி ஆணையம் வந்தது, சுத்த எரிசக்திக்கு 1,000 கோடி டாலர் நிதிக் கழகம் வந்தது. 2014-இல், அப்போது பிரதமராக இருந்த அபட் அந்தச் சட்டம் வைத்த கார்பன் விலையை ஒழித்தார். "பார்த்தாயா" என்பாய். ஆனால் நிதிக் கழகம் இன்றும் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ரட்டின் சட்டத்தை மட்டும் அபட் விட்டுவைத்திருப்பாரா என்ன?

2023-இலும் பார். பெரிய ஆலைகளின் புகையைக் குறைக்க வந்த புதிய விதிகளைப் பசுமைக் கட்சி முதலில் முறைத்தது. மொத்தப் புகைக்கு உச்சவரம்பு வாங்கிக்கொண்டு பிறகுதான் ஓட்டுப் போட்டது. ஆலைகள் கார்பன் கிரெடிட் (வேறொருவர் புகையைக் குறைத்ததற்கான சான்று) வாங்கிச் சரிக்கட்டும் ஓட்டை இன்னும் அடைபடவில்லை. அதற்கு அடுத்த சண்டை.

பதிலில் திட்டு, பரவாயில்லை. அந்த 730 கோடிக்கு ஒரு நியாயம் சொல்லிவிட்டுத் திட்டு. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முருகேசன்