ஐந்தாம் அங்கத்தில் ஷைலக் வேண்டாம்

ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் நகர வணிகன்’ நாடகத்தை மேடையேற்றும் இயக்குநர்களுக்கு,

வணக்கம். ஒரே ஒரு வேண்டுகோள். நாடகம் முடியும் நேரத்தில், வட்டிக்குக் கடன் கொடுக்கும் யூதரான ஷைலக்கை மறுபடியும் மேடைக்குக் கூட்டி வராதீர்கள். கட்டாய மதமாற்றத்தின் ஞானஸ்நானத் தண்ணீர் அவர் தலையில் விழுவதையோ, ஓரமாக ஒரு வெளிச்சத்தில் அவர் மண்டியிட்டு அழுவதையோ காட்ட வேண்டாம். (அவர் என்றே எழுதுகிறேன். நாடகத்துக்குள் அந்த மரியாதையைத் தர அநேகமாக ஆளில்லை.) நல்ல மனதோடுதான் செய்கிறீர்கள், தெரியும். ஷேக்ஸ்பியர் அவரை நான்காம் அங்கத்தோடு அனுப்பிவிட்டாரே, பார்ப்பவர்கள் மறந்துவிடுவார்களே என்ற பதைப்பு. ஆனால் அந்த மறதியைத்தான் அவர் எழுதியிருக்கிறார்.

கடனைத் திருப்பித் தராத வணிகன் அந்தோனியோவின் உடம்பிலிருந்து, ஒப்பந்தப்படி ஒரு பவுண்டு சதையை ஷைலக் கேட்கும் வழக்குக் காட்சியை, அவர் பெயர் எங்கே வருகிறது என்று மட்டும் பார்த்து ஒருமுறை படியுங்கள். சட்ட அறிஞர் வேடத்தில் போர்ஷியா உள்ளே வந்ததும் “உன் பெயர் ஷைலக்கா?” என்று கேட்கிறாள். “ஷைலக் என் பெயர்” என்கிறார். அவர் கை ஓங்கியிருக்கும் வரை, மூன்று மடங்கு பணத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லும்போதும், பக்கத்தில் ஒரு வைத்தியரை வைத்துக்கொள்ளச் சொல்லும்போதும், நடுவில் ‘யூதனே’ என்றாலும், அவளுக்கு அவர் ஷைலக். சதையை எடுத்துக்கொள், ஒரு சொட்டு ரத்தம் சிந்தக்கூடாது என்று வழக்கு புரண்ட நிமிடத்திலிருந்து அந்தப் பெயர் யார் வாயிலும் வரவில்லை. “யூதனே, திருப்திதானா?” அவ்வளவுதான். சொத்து போனது, மதம் போனது என்பதற்கெல்லாம் முன்னால் போனது பெயர். உடம்பு சரியில்லை, சொத்துப் பத்திரத்தை அனுப்புங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

1516-லேயே வெனிஸ் அரசு யூதர்களைக் கெட்டோ என்ற தனிப் பகுதியில் குடியேற்றி, இரவில் அதன் கதவுகளைப் பூட்டியது. நாடகத்தில் அந்தப் பூட்டும் இல்லை, அந்தச் சொல்லும் இல்லை. இங்கே ஷைலக் எங்கு வேண்டுமானாலும் போகலாம். கிறிஸ்தவர்களைப் பார்த்து, உங்களோடு வாங்குவேன், விற்பேன், பேசுவேன், ஆனால் உண்ண மாட்டேன், குடிக்க மாட்டேன், தொழ மாட்டேன் என்று முதல் அங்கத்தில் கோடு கிழிப்பவரும் அவரேதான். அப்புறம் விருந்துக்கு அழைக்கிறார்கள். அன்பினால் கூப்பிடவில்லை, முகஸ்துதிக்குத்தான் என்று தெரிந்தே, அரைமனதோடு போகிறார். கோட்டைத் தாண்டிய அந்த ஒரே இரவில் மகள் ஜெசிகா பணத்தையும் நகையையும் எடுத்துக்கொண்டு கிறிஸ்தவக் காதலன் லொரன்ஸோவோடு ஓடிவிடுகிறாள். பூட்டு தேவையில்லை, சாப்பாட்டு அழைப்பே போதும்.

அவர் வீடு திரும்புவதைக்கூட ஷேக்ஸ்பியர் காட்டவில்லை. 1879-இல் லண்டனில் நடிகர் ஹென்றி இர்விங் அதைச் சேர்த்தார்: ஷைலக் வந்து கதவைத் தட்டுகிறார், உள்ளே யாருமில்லை, திரை விழுகிறது. நாடகத்தில் இல்லாததைச் சேர்ப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்தத் தட்டல் இருக்கும் தனிமையைக் கேட்க வைத்தது. நீங்கள் கடைசியில் சேர்ப்பது தனிமையை உடைக்கிறது. முந்நூறு பேர் அவரையே பார்த்து உச்சுக்கொட்டும்போது அவர் எங்கே தனியாக இருக்கிறார்?

சிலர் ஐந்தாம் அங்கத்தையே வெட்டிவிடுகிறார்கள். அது இன்னும் மோசம். நிலவு, இசை, மோதிரச் சண்டை, கேலி என்று போர்ஷியாவின் பெல்மாண்ட் மாளிகை கும்மாளமாக இருக்க வேண்டும். ஷைலக் என்ற பெயர் அங்கே ஒருமுறைகூட வராது. ‘பணக்கார யூதன்’ என்று இரண்டு முறை, போகிற போக்கில். அதைச் சொல்லும் நடிகர்கள் அழுத்தம் கொடுக்க வேண்டாம், உப்பை எடு என்று சொல்வது மாதிரி சொல்லட்டும்.

கூடுதலாக ஒரு விளக்கு கையில் இருந்தால் ஜெசிகாவுக்குக் கொடுங்கள். இனிய இசையைக் கேட்டால் எனக்கு மகிழ்ச்சியே வருவதில்லை என்பதுதான் நாடகத்தில் அவளுடைய கடைசி வசனம். அதற்குப் பிறகும் அவள் மேடையில்தான் இருக்கிறாள். தந்தை இறந்த பின் சொத்தெல்லாம் அவளுக்கும் லொரன்ஸோவுக்கும் என்ற பத்திரம் வருகிறது. பசித்தவர்கள் பாதையில் மன்னாவைத் தூவுகிறீர்களே என்று லொரன்ஸோ குதிக்கிறான். மன்னா, பைபிளின்படி, அவள் முன்னோர் பாலைவனத்தில் உண்ட வானத்து உணவு. அவள் பேசுவதில்லை.

அந்தப் பத்திரத்தின் அடியில் அவர் கையெழுத்து இருக்கும். ஐந்தாம் அங்கத்தில் அவர் பெயருக்கு இருக்கும் ஒரே இடம் அது. அவள் அதைப் பார்க்கட்டும். வாய்விட்டுப் படிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பின்வரிசையிலிருந்து ஒரு பார்வையாளன்