திரேஸ்புரம் அண்ணாச்சிக்கு எங்கள் வீட்டு நன்றி

2023 டிசம்பர் 17, 18 மழை வெள்ளத்தில் தூத்துக்குடியில் எப்படிப் போனது என்று இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். வீடு காய்ந்துகொண்டிருக்கிறது. நாங்கள் நன்றாக இருக்கிறோம்.

மாடியில் இடம் கொடுத்த பக்கத்து வீட்டு அக்கா, பள்ளிவாசலிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவந்த பிள்ளைகள், வெளி மாவட்டங்களிலிருந்து வந்து சேறு அள்ளிய தூய்மைப் பணியாளர்கள், ராத்திரியெல்லாம் நின்று கரண்டு கொடுத்த மின்வாரியத் தம்பிகள், எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறோம்.

ஆனால் இந்த மடல் மீனவர்கள் வாழும் திரேஸ்புரத்திலிருந்து வள்ளத்தோடு எங்கள் தெருவுக்குள் வந்த அண்ணாச்சிக்கு. எங்களைக் கரைசேர்த்ததற்கு மட்டும் இல்லை.

வள்ளத்தில் ஏறியதும் எங்கள் ஆறு வயது மகள் அழுதுகொண்டே கேட்டாள்: "இவ்வளவு தண்ணியில கிறிஸ்துமஸ் தாத்தா எப்படி வருவார்?" நாங்கள் அதட்டுவதற்குள் அண்ணாச்சி முந்திக்கொண்டார்.

"வள்ளத்துலதான் மக்கா. மானையெல்லாம் மணப்பாட்டுல கரையேத்திக் கட்டியாச்சு. வடக்கேயிருந்துதான வாரார்? இப்ப வாடைக்காத்து. பாய் விரிச்சாப் போதும்."

"கரண்டு இல்லையே, வாசல்ல ஸ்டார் எரியாதே. எங்க வீடு எப்படித் தெரியும்?"

இதற்குக் கொஞ்சம் யோசித்தார். தண்ணீருக்குள் கிடந்த யாருடைய பைக்கிலோ வள்ளம் இடிக்காமல் கம்பை ஊன்றி விலக்கிக்கொண்டே சொன்னார்: "கடல்ல எங்களுக்கு யாரு ஸ்டார் தொங்கவிட்டா? வானத்து வெள்ளியப் பாத்துத்தான் கரைக்கு வாரோம். அவரும் அப்படித்தான்."

கூட இருந்த பாட்டி ஒருவர், "எனக்கு ஒரு போர்வை கொண்டாரச் சொல்லுய்யா" என்றார். வள்ளமே சிரித்தது. மானுக்கு மணப்பாட்டில் யார் புல் போடுவார்கள் என்ற கவலையோடுதான் என் மகள் முகாமுக்கு வந்து சேர்ந்தாள்.

பிள்ளைகளிடம் பொய் சொல்லக்கூடாது என்பது என் அண்ணன் கட்சி. இது பொய்யா என்ன? தாத்தாவுக்கு மூலவரான புனித நிக்கோலஸ், இன்றைய துருக்கியில் இருக்கும் மீரா நகரத்தின் ஆயர், கடலோடிகளுக்குப் பாதுகாவலர். டிசம்பர் 6 அவர் திருநாள். மான்வண்டியெல்லாம் 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் சேர்ந்துகொண்டது. அப்படிப் பார்த்தால் அவர் வள்ளத்தில் வருவதுதான் முறை! அவளாகக் கண்டுபிடிக்கிறவரை எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கப்போவதில்லை. அண்ணனுக்கும் சொல்லியாயிற்று.

அப்புறம், அடுத்த வருடக் கேரல்ஸில் தாத்தா வேஷம் கட்ட நான் பேர் கொடுத்துவிட்டேன். ஆடத் தெரியாது, முகமூடிக்குள் இருப்பது யாரென்று யாருக்குத் தெரியப்போகிறது? திரேஸ்புரத்துக்கும் வருவோம். அண்ணாச்சி, வீட்டில் பிள்ளைகள் எத்தனை பேர் என்று மட்டும் யாரிடமாவது சொல்லி அனுப்புங்கள்.