நான்கு வரி போதாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளிப் பணியாளர்கள் மின்னஞ்சலின் அடியில் கையொப்பம் அமைத்துக்கொள்வது எப்படி என்று தங்கள் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். "அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு மடலை முடிக்கக்கூடத் தெரிவதில்லை" என்று கட்டுரையாளர் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். அனுப்புநர், பெறுநர், பொருள், இப்படிக்கு, உறைமேல் முகவரி என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் பிரித்துப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதக் கற்றுத் தருபவர்கள் யார் என்பது தாங்கள் அறியாததல்ல.

அவர் காட்டிய மாதிரியில் பள்ளிச் சின்னம், ஆசிரியரின் வண்ணப்படம், ஸ்கேன் செய்த கையெழுத்து, கைபேசி எண், போதாக்குறைக்கு ஒரு பொன்மொழி ஆகிய எல்லாம் இருக்கின்றன. தற்செயல் விடுப்புக்கு விண்ணப்பிக்கும் இரண்டு வரி மடலுக்குக் கீழே கல்யாண மண்டப வாசலில் வைக்கும் பிளெக்ஸ் பேனர் போல இத்தனையும் நிற்க வேண்டுமாம். கையொப்பம் நான்கு வரிக்குள் இருக்கட்டும் என்று இணைய நடத்தை நெறிகளைத் தொகுத்த ஆர்.எஃப்.சி. 1855 என்னும் ஆவணம் 1995-லேயே சொல்லிவிட்டது.

படமாக ஒட்டப்பட்ட பெயரைப் பல அஞ்சல் பெட்டிகள் மறைத்துவிட்டு வெற்றுக் கட்டத்தை மட்டும் காட்டும். எங்கள் பள்ளியின் சமூக அறிவியல் ஆசிரியர் பார்வை மாற்றுத்திறனாளி. திரைவாசிப்பு மென்பொருளின் துணையோடுதான் மடல்களைப் படிக்கிறார். சுற்றறிக்கை முழுவதையும் ஒழுங்காகப் படித்துக் காட்டும் அந்த மென்பொருள், அனுப்பிய அதிகாரியின் பெயர் வரவேண்டிய இடத்தில் "கிராஃபிக்" என்று சொல்லி நின்றுவிடுவதால், யார் அனுப்பியது என்று அவர் என் அறைக்கு வந்து கேட்க வேண்டியிருக்கிறது. ஸ்கேன் செய்த கையெழுத்தை வெட்டியெடுத்துப் படிப்புச் சான்றிதழில் ஒட்டுவதற்கு அதிகத் திறமை தேவையில்லை; தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 கூறும் மின்னணுக் கையொப்பமும் அது அன்று. சொந்தக் கைபேசி எண்ணைப் போட்டுவிட்டு, இரவு பத்து மணிக்கு மதிப்பெண் கேட்டு வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்லப்போவது கட்டுரையாளரா, எங்கள் ஆசிரியைகளா?

மாதிரி முழுவதும் ஆங்கிலத்தில் இருந்ததையும் குறிப்பிட்டாக வேண்டும். பெயருக்கு முன் வரும் தலைப்பெழுத்தையும் (இனிஷியல்) தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021-இல் அரசு ஆணையிட்டபோது அதை வரவேற்றுத் தலையங்கம் எழுதிய இதழ் தங்களுடையது. எந்தக் கணினியிலும் தமிழ் சிதையாமல் தெரியும் ஒருங்குறியை (யூனிகோடு) பயன்படுத்தும்படி 2010-லேயே ஆணை வந்துவிட்டது. ஆயினும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட சுற்றறிக்கைகள் இன்றும் எங்களுக்குப் புள்ளியும் கோடுமாகத்தான் வந்து சேர்கின்றன. அவற்றைப் படித்துப் புரிந்துகொண்டு, கேட்ட விவரங்களை மின்னஞ்சலில் அனுப்பி, அதையே அச்செடுத்து, முத்திரையிட்டு, நேரிலும் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். நான் முன்பு பணியாற்றிய பள்ளி ஒன்றில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்ற முயன்றால், ஓய்வுபெற்று மகன் வீட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்ட முந்தைய தலைமையாசிரியரின் கைபேசிக்குத்தான் ஓ.டி.பி. போகும். அவர் பகல் உறக்கம் முடிந்து எழும்வரை பள்ளியின் மடல் போக்குவரத்து காத்திருக்கும். இளநிலை உதவியாளர் பணியிடம் காலியாகக் கிடக்கும் பள்ளிகளில் இவையெல்லாம் பாடவேளைகளுக்கு நடுவே நடக்கின்றன என்பதைக் கட்டுரையாளருக்கு யாரேனும் சொல்லியிருக்கலாம்.

நான் வேண்டுவது சிறிய உதவிதான். அடுத்த இதழில் ஒரு மூலையில் கட்டம் கட்டி, படமில்லாத, ஒருங்குறியில் தட்டச்சு செய்த நான்கு வரி மாதிரி ஒன்றை வெளியிடுங்கள். தமிழ்த் தலைப்பெழுத்துடன் பெயரும் பதவியும் முதல் வரியிலும், பள்ளியின் பெயர் அடுத்த வரியிலும், ஊரும் மாவட்டமும் மூன்றாவதிலும், ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியே உள்ள அடையாள எண்ணான, 33 எனத் தொடங்கும் பதினொரு இலக்க யூடைஸ் எண் கடைசியிலும் இருக்கட்டும். 'அரசு உயர்நிலைப் பள்ளி, புதூர்' என்று மட்டும் எழுதினால் எந்தப் புதூர் என்று கண்டுபிடிக்க ஒருவராலும் ஆகாது. பொன்மொழி இருக்கும் இடத்தில் அந்த எண் இருந்தால் அலுவலகத்தில் கோப்பாவது சரியான பள்ளிக்குப் போய்ச் சேரும்.

இதழில் இடமில்லை என்றால், கட்டுரையாளரின் புகைப்படத்தைச் சற்றே சிறிதாக்கினால் போதும்.

இப்படிக்கு,
அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை ஒருவர்