கதிர்வீச்சு சிகிச்சைத் தொழில்நுட்பர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் மருத்துவர்களே, இயற்பியலாளர்களே, உடன் பணிபுரியும் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டும் தவறாமல் கூடியது. புதிதாகச் சேர்ந்த இளைய உறுப்பினர்களை வரவேற்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆகவே, கூட்டத்துக்குக் கூட்டம் நாம் பேசித் தீராத விஷயத்துக்கே என் நேரத்தைக் கொடுக்கிறேன். நோயாளி சிகிச்சை மேசையில் படுத்திருக்கும்போது, அன்றைய படத்தைப் பார்த்து, கதிர்வீச்சைக் கொடுக்கலாமா நிறுத்தலாமா என்று முடிவெடுக்க வேண்டியவர் யார்?

மார்பகப் புற்றுநோய்க்கு நாளுக்கு ஒன்றாக 25 முறையில் மொத்தம் 50 கிரே (கிரே என்பது கதிர்வீச்சு அளவின் அலகு) கொடுத்த காலத்தில், ஒரு நாள் குறி விலகினால் பாதிக்கப்படுவது மொத்த அளவில் 4 சதவீதம். பிரிட்டனின் ஃபாஸ்ட் ஃபார்வர்ட் ஆய்வு 2020இல் வெளியான பிறகு, 5 முறையில் 26 கிரே பல இடங்களில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆண்களின் புரோஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய்க்கு 5 முறையில் 36.25 கிரே கொடுக்கிறார்கள். இப்போது ஒரு நாள் என்பது சிகிச்சையில் ஐந்தில் ஒரு பங்கு. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட வழியில்லை. குறி சில மில்லிமீட்டர் விலகியதைக் காட்டும் கோன் பீம் சிடி படத்தை (சிகிச்சைக்கு முன் மேசையிலேயே எடுக்கும் ஸ்கேன்) முதலில் பார்ப்பவர்கள், இயந்திரத்தை இயக்கும் கன்சோலில் இருக்கும் நாம்தான்.

உறுப்பினர்கள் சொன்ன ஒரு நிலைமையை இங்கே பதிவு செய்கிறேன். புரோஸ்டேட் நோயாளியைத் தண்ணீர் குடிக்கவைத்து, சிறுநீர்ப்பை நிரம்பியதும் படுக்கவைக்கிறோம். படத்தில் எலும்பு திட்டத்தோடு பொருந்துகிறது. ஆனால் மலக்குடலில் காற்று சேர்ந்து புரோஸ்டேட்டை முன்னால் தள்ளியிருக்கிறது. மருத்துவர் புறநோயாளிப் பிரிவில் கூட்டத்துக்கு நடுவே இருக்கிறார். போன் எடுக்க முடியவில்லை. காத்திருக்கும் நேரத்தில் சிறுநீர்ப்பை மேலும் நிரம்பி, எடுத்த படமே பழையதாகிவிடுகிறது. சில இடங்களில் "நீங்களே பாத்துப் போட்டுருங்க" என்ற வாய்ச்சொல்லோடு வேலை நடந்து, கையெழுத்து மாலையில் விழுகிறது. நல்லபடியாக முடிந்தால் யாரும் கேட்பதில்லை. தவறிவிட்டால், கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாத தொழில்நுட்பர் தனியாக நிற்கிறார். மருத்துவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் சுமையும் நமக்குத் தெரியும். எழுத்தில் இல்லாத ஏற்பாடு அவர்களையும் காப்பாற்றாது.

சிகிச்சை தேவையா, எவ்வளவு அளவு, இலக்கின் எல்லை எது என்பவை மருத்துவருக்கே உரியவை. முதல் நாள் படத்தையும் அவரே பார்க்க வேண்டும். அடுத்த நாட்களில், பயிற்சி பெற்றுத் திறன் சோதிக்கப்பட்ட இரண்டு தொழில்நுட்பர்கள் சேர்ந்து பார்த்து, எழுதித் தந்த எல்லைக்குள் மேசையை நகர்த்தி ஒப்புதல் அளிக்கலாம். எல்லை மீறினால் நிறுத்தும் அதிகாரமும் நமக்கு வேண்டும். என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம். காற்று வெளியேறிய பின் மறுபடி படம் எடுப்பதற்கு ஒவ்வொரு முறையும் அனுமதி தேடக்கூடாது. எடை குறைந்து, தலையை அசையாமல் பிடிக்கும் முகமூடி தளர்ந்தாலோ, கட்டி சுருங்கியிருந்தாலோ, மருத்துவரும் இயற்பியலாளரும் வந்தே ஆக வேண்டும். நுரையீரலில் கட்டியையும் சுருங்கிய நுரையீரல் பகுதியையும் பிரித்தறிவது கடினம் என்று ஒரு மருத்துவர் எச்சரித்தார். அது நியாயம். அத்தகைய நோயாளிகளை இந்த ஏற்பாட்டில் இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம்.

பிரிட்டனின் 2017ஆம் ஆண்டு மருத்துவக் கதிர்வீச்சு விதிகள், நோயாளியைப் பரிந்துரைத்து அனுப்புபவர், சிகிச்சைக்கு நியாயம் காண்பவர், இயக்குபவர் என்று பொறுப்புகளைப் பிரித்து, யாருக்கு எந்த உரிமை என்பதை நிறுவனம் எழுதிவைக்கக் கட்டாயப்படுத்துகின்றன. நெதர்லாந்தின் யூட்ரெக்ட்டில் 2017இல், எம்ஆர்ஐ ஸ்கேனோடு இணைந்த கதிர்வீச்சு இயந்திரமான எம்ஆர் லீனாக்கில் சிகிச்சை தொடங்கியது. நோயாளி படுத்திருக்கும்போதே அன்றைய திட்டத்தைத் திருத்தும் இயந்திரம் அது. தினமும் மருத்துவர் உடனிருப்பது கடினமானதால், இத்தகைய இயந்திரம் உள்ள பல மையங்களில் உறுப்புகளின் எல்லையை வரையும் வேலையைக்கூடப் பயிற்சி பெற்ற தொழில்நுட்பர்கள் ஏற்றிருக்கிறார்கள். நம் நாட்டின் 2021ஆம் ஆண்டு துணை மருத்துவத் தொழிலாளர் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் நம் தொழிலும் இருக்கிறது. அதற்கேற்ற பணி வரையறை ஒவ்வொரு மருத்துவமனையிலும் வர வேண்டும்.

சம்பளம் ஏறாமல் பொறுப்பு மட்டும் ஏறுமா என்று மூத்த உறுப்பினர்கள் கேட்டார்கள். சரியான கேள்வி. பயிற்சி நேரத்தைப் பணி நேரமாகக் கணக்கிட வேண்டும், கூடுதல் பொறுப்புக்குப் படி வேண்டும் என்ற இரண்டையும் தீர்மானத்தில் சேர்த்திருக்கிறோம்.

தீர்மான வரைவு உங்கள் கைகளில் இருக்கிறது. விவாதித்துத் திருத்தங்களைச் சொல்லுமாறும், இவ்வறிக்கையை ஏற்று அங்கீகரிக்குமாறும் பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்