நம்ம மலை எந்தப் பக்கம்?

ஹட்டன்.

அன்பின் மச்சான்,

நலம், நலமறிய ஆவல். பத்து நாளாக மழை விடவில்லை. கூரைத் தகரத்தில் விழுகிற சத்தத்தில் போனில் பேசினால் பாதி உனக்குக் கேட்காது, அதனால்தான் கடிதம். சின்ன மருமகள் கொழுந்தெடுக்கப் போவதை விட்டுவிட்டுக் கார்மென்ட்டுக்குப் போகிறாள். முழங்கால் வலி அப்படியேதான்.

உன் பேத்தி சட்டம் படிப்பது சந்தோசம். ஒரு பிரதேசத்துக்கு நாட்டை விட்டுப் பிரிந்துபோக உரிமை இருக்கா என்று என்னிடம் கேட்கச் சொன்னாளாமே. வாத்தியார் வேலை பார்த்த பாவம், இன்னும் விடமாட்டேன் என்கிறது.

நம்ம இலங்கையில் 1983லேயே அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் இதற்குப் பூட்டுப் போட்டுவிட்டது. தனிநாட்டை ஆதரித்துப் பேசவே கூடாது. (நான் ஆதரிக்கவில்லை, ஒரு பிள்ளைக்குப் பதில் எழுதுகிறேன், கவரைப் பிரித்துப் பார்ப்பவர்கள் கவனிக்க.) சமஷ்டி, அதாவது ஒரே நாட்டுக்குள் அதிகாரத்தைப் பகிர்கிற கூட்டாட்சி, கேட்பது பிரிவினை ஆகாது என்று 2017இல் தமிழரசுக் கட்சி வழக்கில் உயர் நீதிமன்றம் சொன்னது. சமஷ்டி என்றாலே யாழ்ப்பாணம் என்று நினைக்கிறார்கள். 1927இல் அரசியலமைப்பை மாற்றுவது பற்றி விசாரிக்க வந்த பிரித்தானியரின் டொனமூர் ஆணைக்குழுவிடம் அதைக் கேட்டது கண்டிச் சிங்களவர்களின் தேசிய சபை! கரையோரச் சிங்களவர்கள் தங்களை விழுங்கிவிடுவார்கள் என்ற பயம். இதே மலைதான் மச்சான்.

கனடாவில் கியூபெக் மாகாணம் பிரிவது பற்றி 1998இல் வந்த தீர்ப்பை அவள் படிக்கட்டும். தன்பாட்டுக்குப் பிரிந்துபோக உரிமை இல்லை. ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை ‘ஆம்’ என்றால் மற்றவர்கள் பேச்சுக்கு வந்தே ஆகவேண்டும். எனக்கு அது நியாயமாகப் படுகிறது. பேசவே மாட்டேன் என்கிற அரசாங்கம் ‘போகாதே’ என்று எந்த வாயால் சொல்லும்?

ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு வேறொன்றுதான் ஞாபகம் வரும். நாம் எங்கே பிரியக் கேட்டோம்? 1948இல் சட்டம் போட்டு இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த நம்ம மலையக ஆட்களின் பிரஜாவுரிமையைப் பறித்தது நாடு. 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மீதி 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று உருளைக்கிழங்கு மூட்டை மாதிரிப் பங்கு போட்டார்கள். ஒரு நாடு தன் மக்களை விட்டுப் பிரியலாமா என்று அவள் புத்தகத்தில் ஒரு அத்தியாயம் இருக்கா, பார்க்கச் சொல்.

தனித் தமிழீழம் கேட்ட 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானத்தையும் எடுத்துப் படிக்கட்டும். தனிநாடு பற்றி நம்ம தோட்டத் தொழிலாளர் சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸுக்குச் சம்மதமில்லாததை அந்தத் தீர்மானமே குறிப்பிடுகிறது: அதன் ஆட்களில் பெரும்பாலானோர் இருப்பது வடக்கு கிழக்குக்கு வெளியே. இலங்கையில் எங்கே வாழ்ந்தாலும் தமிழ் பேசுகிற யாரும் அந்த நாட்டுக்குப் பிரஜையாகலாம் என்றும் இருக்கிறது. ஆகலாம்தான், நுவரெலியாவைத் தூக்கிக்கொண்டா வர முடியும்?

1977 கலவரத்துக்குப் பிறகு உங்கள் குடும்பம் வடக்கே கிளிநொச்சிக்கு லொறி ஏறியது. போரில் நீ அங்கே பதுங்குகுழியில் கிடந்தாய். இங்கே சோதனைச் சாவடியில் ‘கிளிநொச்சியில் உனக்கு யார்?’ என்று என்னைக் கேட்டார்கள். யாருமில்லை என்று சொன்னேன். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

அங்கேயும் உங்களைத் ‘தோட்டக்காட்டான்’ என்றுதானே சொன்னார்கள்? நீதான் ஒருமுறை எழுதினாய். அதனால் பேத்திக்கு என் பதில் இது: அடித்து விரட்டப்படுகிறவனைக் கட்டிப்போட்டு ‘இரு’ என்று சொல்ல எந்த நாட்டுக்கும் உரிமையில்லை. ஆனால் கோடு போடுகிறவன், கோட்டுக்கு வெளியே விடுபடுகிறவனிடமும் உள்ளே கீழே கிடப்பவனிடமும் முதலில் கேட்கட்டும். நம்மிடம் யாரும் கேட்கவில்லை. அவள் பேராசிரியர் இதற்கு மார்க் போடுவாரோ என்னவோ.

லொறியில் இடமில்லை என்று உங்கம்மா விட்டுப்போன அம்மி இன்னும் எங்கள் வாசலில்தான் கிடக்கிறது. தைப்பொங்கலுக்குப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வா. அவளுக்குக் காட்ட வேண்டும்.

உன்,
பழைய கூட்டாளி