தெப்பக்குளம் வாக்கிங் குரூப்புக்கு ஒரு அக்காவோட நன்றி

என் தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய், 11 வருஷமாச்சு. மாத்திரையில காதுல கேட்ட குரல் அடங்குச்சு, பசி அடங்கல. இந்த நோய்க்குக் குடுக்குற ஒலான்சபின் மாத்திரை சாப்பிடுறவங்க வீட்ல இருக்குறவங்களுக்குத் தெரியும், நடுராத்திரி எந்திரிச்சு சோத்துப்பானையத் தொறப்பாங்க. 62 கிலோ இருந்தவன் 91 ஆயிட்டான், போன வருஷம் சுகரும் வந்துருச்சு. இந்த மாதிரி நோய் உள்ளவங்க மத்தவங்களவிட 10லேர்ந்து 20 வருஷம் முன்னாடியே போயிடுறாங்க, அதுவும் பெரும்பாலும் இதயம் சுகர்னு உடம்பு நோயாலதான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுறத படிச்சப்ப எனக்கு தூக்கமே இல்ல. டாக்டர் தினம் அரைமணி நேரம் நடக்கச் சொன்னாரு, ஆனா கட்டில விட்டே எறங்காதவன எப்படி நடக்க வைக்கிறது. சொந்தக்காரங்க சோம்பேறின்னாங்க. எதுலயும் மனசு எழும்பாததும் இந்த நோயோட ஒரு பகுதிதான்னு எனக்கே ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சுச்சு.

மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுறவங்களுக்காக இந்த வாக்கிங் குரூப்ப ஆரம்பிச்ச சோஷியல் வொர்க்கர் மேடம், உங்களுக்கு மொத நன்றி. காலைல 6 மணின்னு வச்சுட்டு, ராத்திரி மாத்திரை அசதியில யாராலயும் வர முடியலன்னு தெரிஞ்சதும் மறுவாரமே சாயங்காலம் அஞ்சரைக்கு மாத்துனீங்க, எங்கள ஒரு வார்த்தை குறை சொல்லல.

ரிட்டயர்டு பி.டி. சார், குரூப்புல லித்தியம்ங்கிற மனநோய் மாத்திரை சாப்பிடுறவங்க வேர்த்து உடம்புல தண்ணி வத்துனா ரத்தத்துல மருந்து ஏறிடும்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு தினம் பை நெறைய தண்ணி பாட்டில் சுமந்துட்டு வர்றீங்க. தம்பி மொத மூணு வாரமும் தெப்பக்குளத்து சுவர் ஓரமா உக்காந்தே இருந்தான், நீங்க கையப் புடிச்சு இழுக்கல, ஒவ்வொரு சுத்து முடிச்சும் அவன் பக்கத்துல வந்து சும்மா உக்காந்துட்டுப் போனீங்க. நாலாவது வாரம் அவனா எந்திரிச்சு உங்க கூட முக்கு வரைக்கும் நடந்தான், நான் அங்கயே அழுதுட்டேன். இப்ப ரெண்டு சுத்து நடக்குறான் சார், ஒரு சுத்தே ஒரு கிலோமீட்டருக்கு மேல.

அப்புறம் டீக்கடை அண்ணே. சீனி போடாம அவனுக்குன்னு தனியா டீ ஆத்தி வைக்கிறீங்க, அது ஒரு பக்கம். "தம்பி, இன்னிக்கு எத்தன சுத்து?"ன்னு கேக்குறீங்க பாருங்க, இந்த 11 வருஷத்துல அவன்கிட்ட எல்லாரும் கேட்டது மாத்திரை போட்டியா, தூங்குனியா அவ்வளவுதான், நான் உட்பட. உங்களுக்குப் பதில் சொல்லணும்னே அவன் எண்ணி நடக்குறான் அண்ணே.

எடை 4 கிலோ கொறஞ்சிருக்கு, சுகரும் கொஞ்சம் எறங்கியிருக்கு. நேத்து மழைன்னு குரூப் இல்ல, அவனுக்கு அத சொன்னேன், ஆனாலும் அஞ்சு மணிக்கே செருப்ப மாட்டிட்டு வாசல்ல நின்னு வானத்தப் பாத்துட்டே இருந்தான். இன்னிக்கு வர்றோம், எல்லாருக்கும் சுண்டல் என் கணக்கு.